010-ன்னா பத்தா, எட்டா? ஐபி அட்ரஸ் படிக்கிற ஃபங்ஷன் எழுதும்போது வர்ற சிக்கல்கள்

கொஞ்ச நாளா நானும் என் ஃப்ரெண்டும் சேந்து ஒரு சின்ன புரோகிராமிங் லேங்குவேஜ் எழுதிட்டு இருக்கோம். காம்பைலர் அவன் பக்கம், ஸ்டாண்டர்ட் லைப்ரரி என் பக்கம். நெட்வொர்க் மாட்யூல்ல, ஐபி அட்ரஸ (192.168.1.10 மாதிரி, நெட்வொர்க்ல ஒரு மெஷினோட முகவரி) ஸ்ட்ரிங்லேர்ந்து படிச்சு எடுக்கற, அதாவது பார்ஸ் பண்ற எடத்துக்கு வந்தப்போ அவன் சொன்னான், "ஐபி அட்ரஸ் பார்ஸ் பண்றதுல என்னடா இருக்கு, புள்ளில பிரி, நாலு நம்பர் வருதான்னு பாரு, எல்லாம் 255-க்குள்ள இருக்கான்னு பாரு, அவ்ளோதான". கேக்கும்போது சரியாத்தான் இருக்கு. ஆனா இந்த ஒரு ஃபங்ஷன்ல பைத்தான், கோ, ரஸ்ட், ஜாவா எல்லாமே வெவ்வேற வருஷத்துல வெவ்வேற முடிவு எடுத்து, அப்புறம் மாத்திருக்காங்க. ஏன் மாத்துனாங்கன்னு படிச்சா ஒரு லேங்குவேஜ் டிசைன் பண்றவங்களுக்கு தேவையான பாதி பாடம் அங்கயே கிடைக்குது, அதனால இத கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு ட்ரை பண்ணி பாருங்க. லினக்ஸ் மெஷின்ல டெர்மினல் தொறந்து பிங் 127.1 அடிங்க (பிங்-ங்கறது ஒரு மெஷின் பதில் சொல்லுதான்னு பாக்கற கமாண்ட்). பதில் வரும், 127.0.0.1-லேர்ந்து, அதாவது லோக்கல்ஹோஸ்ட்-ங்கற உங்க மெஷின்லேர்ந்தே. அடுத்து பிங் 2130706433 அடிங்க. அதுவும் 127.0.0.1 தான். இப்போ பிங் 192.168.001.010 அடிங்க, முதல் வரியவே கவனிங்க, 192.168.1.8-ன்னு காட்டும். 10 இல்ல, 8. கடைசி எண்ண 019-ன்னு மாத்துனா இன்னும் மோசம், அது அட்ரஸே இல்லன்னு முடிவு பண்ணி அந்த பேர்ல ஏதாவது ஹோஸ்ட் இருக்கான்னு டிஎன்எஸ்-ல (பேர அட்ரஸா மாத்தி குடுக்கற சர்வீஸ்) தேட போயிடும், கடைசில பேர் தெரியலன்னு எரர் வரும்.

காரணம் சிம்பிள்தான். சி மொழில முன்னாடி சைபர் போட்டா அது ஆக்டல், அதாவது எட்டு அடிமான எண். 010-ன்னா எட்டு. 019-ல 9-ங்கற இலக்கம் ஆக்டல்ல கிடையாது, அதனால அது செல்லாது. 001-லேர்ந்து 007 வரைக்கும் எப்படி படிச்சாலும் ஒரே மதிப்பு, அதனால யாருக்கும் சந்தேகமே வராது. 008, 009 எரர் அடிக்கும். 010-லேர்ந்துதான் சத்தமே இல்லாம வேற மெஷினுக்கு போகும். இத ஏதோ யாரும் எழுதாத ஃபார்மட்னு நெனச்சுடாதீங்க, எக்ஸல் ஷீட்ல வரிசைப்படுத்த வசதியா இருக்கும்னு எல்லாத்தையும் மூணு இலக்கமா சைபர் போட்டு வெக்கிற நெட்வொர்க் டீம்கள் நிறைய உண்டு, அந்த ஷீட்லேர்ந்து அப்படியே காப்பி பண்ணி கான்ஃபிக் ஃபைல்ல ஒட்டுவாங்க.

இது எல்லாம் 1983-ல வந்த 4.2பிஎஸ்டி-ங்கற யூனிக்ஸ் காலத்து பழக்கம். அங்க வந்த இனெட்_ஆடர், அதுக்கு அப்புறம் வந்த இனெட்_ஏடான், ஸ்ட்ரிங்க அட்ரஸா மாத்தற இந்த ஃபங்ஷன் ரெண்டும் ஒரு பாகம், ரெண்டு பாகம், மூணு பாகம், நாலு பாகம் எது குடுத்தாலும் வாங்கிக்கும். ரெண்டு பாகம்னா ரெண்டாவது எண் மொத்தம் 24 பிட்ட நிரப்பும், மூணு பாகம்னா கடைசி எண் 16 பிட்ட நிரப்பும். அன்னைக்கு இதுல அர்த்தம் இருந்துச்சு, கிளாஸ் ஏ, கிளாஸ் பி, கிளாஸ் சி-ன்னு நெட்வொர்க்க பிரிச்சு வெச்சிருந்த காலம், நெட்வொர்க் நம்பர் புள்ளி ஹோஸ்ட் நம்பர்னு எழுதுறது வசதி. 1993-ல சிஐடிஆர்-ங்கற கிளாஸ் இல்லாத முறை வந்து கிளாஸ் கணக்கே போயிடுச்சு, ஆனா ஃபங்ஷன் அப்படியே இருக்கு. லிபிசி-ல (சி மொழியோட ஸ்டாண்டர்ட் லைப்ரரி) இருக்கற ஒண்ண எடுத்தா யாரோட ஸ்க்ரிப்ட் ஒடையும்னு யாருக்கும் தெரியாது, அதனால யாரும் எடுக்கல.

அந்த இனெட்_ஆடர்ல இன்னொண்ணு இருக்கு, ஏபிஐ டிசைன் பத்தி பேசுற எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும். தப்பான ஸ்ட்ரிங் குடுத்தா அது -1 திருப்பி அனுப்பும். 32 பிட்லயும் ஒண்ணு நிரப்புனா அதுதான் -1. அதே பிட்டுகள்தான் 255.255.255.255, எல்லா மெஷினுக்கும் சேத்து அனுப்பற ப்ராட்காஸ்ட் அட்ரஸ், முழுக்க முழுக்க செல்லுபடியாகுற அட்ரஸ். எரரும் சரியான பதிலும் ஒரே மதிப்பு! கூப்பிடுறவன் என்ன பண்ணுவான்? அந்த ஒரு அட்ரஸுக்கு மட்டும் தனியா முன்னாடியே ஒரு ஸ்ட்ரிங் கம்பேர் போடணும். எங்க லேங்குவேஜ்ல ரிசல்ட் டைப் (பதிலா, எரரா-ன்னு பிரிச்சு சொல்ற டைப்) வெச்சதுக்கு எத்தனையோ காரணம் இருக்கு, என்னை கேட்டா இது ஒண்ணே போதும்.

சரி, இதெல்லாம் பழைய கதைன்னு விட்டுடலாமான்னா, 2021-ல என்ன நடந்துச்சுன்னு பாக்கணும். அந்த வருஷம் மார்ச்ல நோட்.ஜேஎஸ்-ல ரொம்ப பேர் யூஸ் பண்ற நெட்மாஸ்க்-ங்கற பேக்கேஜுக்கு ஒரு சிவிஇ, அதாவது செக்யூரிட்டி ஓட்டைக்கான பதிவு வந்துச்சு. அது 0177.0.0.1-ஐ 177.0.0.1-ன்னு படிச்சுட்டு இருந்துச்சு, அதாவது வெளில இருக்கற பப்ளிக் அட்ரஸ். ஆனா அதே ஸ்ட்ரிங்க ஆபரேட்டிங் சிஸ்டம்கிட்ட குடுத்தா 0177 ஆக்டல்ல 127, அதனால அது 127.0.0.1. ஒரு வெப் சர்வர், யூசர் குடுத்த யூஆர்எல்ல போய் ஏதாவது எடுத்துட்டு வரணும்னு வெச்சுக்குங்க, உள் நெட்வொர்க்குக்கு போகக்கூடாதுன்னு முன்னாடி ஒரு செக் இருக்கு. செக் பண்ற லைப்ரரி "இது வெளி அட்ரஸ், பரவால்ல போ"ன்னு சொல்லுது, கனெக்ட் பண்ற ஃபங்ஷன் உள்ளயே சுத்தி லோக்கல்ஹோஸ்ட்டுக்கு போகுது. க்ளவுட்ல ஓடுற மெஷின்னா 169.254.169.254-ல அந்த மெஷினோட விவரங்கள குடுக்கற மெட்டாடேட்டா சர்வீஸ் உக்காந்திருக்கும், அங்கிருந்து க்ரெடென்ஷியல் எடுத்துட்டு போறதுக்கும் இதே மாதிரி ஆக்டல் வேஷம் போட்டா போதும்.

அந்த ஒண்ணு வெளில வந்த உடனே எல்லாரும் அவங்கவங்க லைப்ரரிய தொறந்து பாத்தாங்க. பெர்ல் மாட்யூல்கள்ல இருந்துச்சு. ரஸ்ட்டோட ஸ்டாண்டர்ட் லைப்ரரில இருந்துச்சு, 1.53-ல சரி பண்ணாங்க. கோ-ல இருந்துச்சு, 1.17-ல முன் சைபர் வந்தாலே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. பைத்தான் கதைதான் ரொம்ப சுவாரஸ்யம், அங்க ஐபிஅட்ரஸ் மாட்யூல்ல குழப்பமான முன் சைபர்கள தடுக்கற செக் ஏற்கனவே இருந்துச்சு, 3.8-ல அத எடுத்தாங்க, அப்புறம் 3.9.5-ல திரும்ப கொண்டு வந்தாங்க, இந்த தடவ குழப்பம் இருந்தாலும் இல்லாட்டியும் முன் சைபர்னாலே எரர். ஒரு செக் ஏன் இருக்குன்னு பக்கத்துல ஒரு வரி காரணமும் ஒரு டெஸ்ட்டும் அழுத்தமா இல்லன்னா, அடுத்து வர்றவங்களுக்கு அது தேவையில்லாத கெடுபிடியாத்தான் தெரியும், எடுத்துடுவாங்க. அது அவங்க தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.

இங்கதான் நான் அழுத்தி சொல்ல வர்ற விஷயம் இருக்கு. பத்துன்னு படிச்சதும் தப்பில்ல, எட்டுன்னு படிச்சதும் தப்பில்ல. ரெண்டுக்கும் நியாயம் சொல்லலாம். ஓட்ட இருந்தது ரெண்டு பார்சருக்கு நடுவுல. அதனால ஒரு லேங்குவேஜோட ஸ்டாண்டர்ட் லைப்ரரி, யாரோட அர்த்தம் சரின்னு தீர்ப்பு சொல்ற எடத்துல உக்காரவே கூடாது. ரெண்டு பேர் ரெண்டு விதமா படிக்கக்கூடிய எந்த ஸ்ட்ரிங்கா இருந்தாலும் வாங்காம திருப்பி அனுப்பணும். நெட்மாஸ்க் அத சரி பண்ணப்போ ஆக்டலா படிக்கிற பக்கம் போச்சு, அது எனக்கு ஒப்பல, ஏன்னா உலகத்துல பத்துன்னு படிக்கிற பார்சர்களும் இன்னும் இருக்கு, இடைவெளி இன்னொரு பக்கமா தொறக்கும், அவ்ளோதான். கோ 1.17 ரிலீஸ் நோட்ஸ்ல இதோட சேத்து இன்னொரு நல்ல வார்த்தையும் சொல்லிருந்தாங்க: செக் பண்ணதுக்கு அப்புறம் பழைய ஸ்ட்ரிங்க அப்படியே அடுத்தவங்களுக்கு தள்ளாதீங்க, பார்ஸ் ஆன மதிப்புலேர்ந்து புதுசா எழுதி குடுங்கன்னு. எங்க லைப்ரரில இத ரூலாவே வெச்சுட்டேன். கனெக்ட் ஃபங்ஷன் ஸ்ட்ரிங் வாங்காது, அட்ரஸ் டைப் மட்டும்தான் வாங்கும். ஃப்ரெண்டு மொதல்ல முணுமுணுத்தான், ஒரு வரி எக்ஸ்ட்ரா எழுதணுமேன்னு. நான் விட்டுக்குடுக்கல.

அப்போ பழைய ஃபார்மட் நிஜமாவே தேவைப்படறவங்களுக்கு? தேவை உண்டு, மறுக்கல. ப்ரவுசர்கள் இன்னைக்கும் எச்டிடிபி போட்டு 2130706433 அடிச்சா 127.0.0.1-க்கு போகும், ப்ரவுசர்காரங்களோட அமைப்பான வாட்விஜி எழுதின யூஆர்எல் ஸ்டாண்டர்ட்லயே அந்த லூஸ் பார்சர் முறைப்படி எழுதி வெச்சிருக்கு. ஆனா 2005-ல வந்த ஆர்எஃப்சி 3986-ல (ஆர்எஃப்சி-ங்கறது இன்டர்நெட் விதிகள எழுதி வெக்கிற ஆவணம்) இருக்கற இலக்கணத்துல முன் சைபருக்கே எடம் கிடையாது. ரெண்டுமே யூஆர்எல் ஸ்டாண்டர்ட், ரெண்டும் ஒத்துப் போகல. இந்த எடத்துல ஜாவாக்காரங்க பண்ணது எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு: ஜாவா 22-ல ஆஃப்லிட்டரல்னு ஒண்ணு, ஆஃப்போசிக்ஸ்லிட்டரல்னு ஒண்ணு, தனித்தனியா குடுத்துட்டாங்க. முதலாவது எல்லாத்தையும் பத்து அடிமான எண்ணாத்தான் படிக்கும், ரெண்டாவது ஆக்டல், ஹெக்ஸ் (பதினாறு அடிமான எண்) எல்லாம் ஏத்துக்கும். கோட் ரிவ்யூல அந்த நீளமான பேர பாத்த உடனே "இது ஏன் இங்க"ன்னு ஒருத்தர் கேப்பாங்க. ஒரு ட்ரூ ஃபால்ஸ் ஆப்ஷனா குடுத்திருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. ஸ்பெஷல் கேஸுக்கு தனி பேர் வைக்கணும், உள்ள ஒளிச்சு வைக்கக்கூடாது.

ஜாவால அதுக்கு முன்னாடி இருந்த கெட்பைநேம்ல இன்னொரு வில்லங்கம் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. அட்ரஸ் மாதிரி தெரியலன்னா டிஎன்எஸ் லுக்கப்புக்கு போயிடும். ஒரு எழுத்து தப்பா அடிச்ச அட்ரஸ் வெளி நெட்வொர்க்குக்கு ஒரு கேள்வியா போகும், பதில் வர்ற வரைக்கும் த்ரெட் நிக்கும். பார்ஸ்னு ஒரு ஃபங்ஷனுக்கு பேர் வெச்சா அது நெட்வொர்க்க தொடவே கூடாதுங்கறது என் கட்சி.

ஸ்ட்ரிங்குக்கு பின்னாடி ஒட்டிட்டு வர்ற குப்பையையும் சொல்லணும். லினக்ஸ்ல பொதுவா இருக்கற லிபிசி-யான ஜிலிபிசி-ல இனெட்_ஏடான், அட்ரஸ் முடிஞ்சு ஒரு ஸ்பேஸ் வந்தா அதுக்கு மேல என்ன இருந்தாலும் கண்டுக்காது. 127.0.0.1 போட்டு ஒரு ஸ்பேஸ் விட்டு உங்க பேர எழுதுனாலும் சரின்னு சொல்லும். பேரையோ அட்ரஸையோ வாங்கி அட்ரஸ் குடுக்கற கெட்ஆடர்இன்ஃபோ-வும் அப்படித்தான் இருந்துச்சு, 2019-ல வந்த 2.29 வெர்ஷன்லதான் அத மட்டும் மாத்துனாங்க.

இப்போ எனக்கு மனசுக்கு நெருக்கமான ஒண்ணு. பைத்தான்ல இன்ட் ஃபங்ஷனுக்கு "௧௨௭"-ன்னு தமிழ் எண்ணுல ஒரு ஸ்ட்ரிங் குடுத்து பாருங்க. 127 வரும்! யூனிகோட்ல தமிழ் இலக்கங்கள் ௦-லேர்ந்து ௯ வரைக்கும் தசம இலக்கம்னு வகைப்படுத்தி இருக்கு, பைத்தான் அத மதிக்குது. ஜாவாவோட பார்ஸ்இன்ட்டும் மதிக்கும். முதல் தடவ பாத்தப்போ அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு, நம்ம எழுத்துல எழுதின எண்ண மெஷின் எண்ணாவே எடுத்துக்குதேன்னு. ஆனா ஐபி அட்ரஸ் பார்சர்ல இதுக்கு வேலை கிடையாது. புள்ளில பிரிச்சு ஒவ்வொண்ணையும் இன்ட்டுக்கு அனுப்புற பார்சர் எழுதினா "௧௨௭.௦.௦.௧" லோக்கல்ஹோஸ்ட் ஆயிடும், "1_0" கூட பத்து ஆயிடும் ஏன்னா பைத்தான் 3.6-லேர்ந்து இன்ட் நடுவுல அண்டர்ஸ்கோர் ஏத்துக்குது, முன்னாடி பின்னாடி ஸ்பேஸ் இருந்தாலும் ஏத்துக்கும், ப்ளஸ் குறி இருந்தாலும் ஏத்துக்கும். ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்த பொருத்தி பாக்கற பேட்டர்ன்) போட்டு தப்பிக்கலாம்னு பாத்தா, பைத்தான் 3-ல இலக்கத்துக்கான அந்த பேக்ஸ்லாஷ் டி-யும் தமிழ் எண்ண ஏத்துக்கும். பைத்தான் ஐபிஅட்ரஸ் மாட்யூல் எழுதினவங்க இது தெரிஞ்சுதான், இன்ட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே ஆஸ்கி இலக்கமான்னு, அதாவது சாதாரண 0-லேர்ந்து 9 தானான்னு தனியா பாக்கறாங்க. இதுல ஒரு டிசைன் முடிவு ஒளிஞ்சிருக்கு: மனுஷங்க எழுதற எண்ண படிக்கிற ஃபங்ஷன் வேற, ப்ரோட்டோகால்ல வர்ற இலக்கத்த படிக்கிற ஃபங்ஷன் வேற. எங்க லேங்குவேஜ்ல ரெண்டையும் பிரிச்சுட்டோம். தமிழ் எண் முதலாவதுல கண்டிப்பா வேலை செய்யும், அது எழுதினதே அதுக்குத்தான். அட்ரஸ் பார்சர் ரெண்டாவத மட்டும்தான் கூப்பிடும்.

இதுவரைக்கும் பாத்த நாலு எண் அட்ரஸ் ஐபிவி4. எட்டு குரூப்ப கோலன் போட்டு எழுதுற நீளமான ஐபிவி6-க்கு வந்தா வேற மாதிரி சிக்கல். ரெட்டை கோலன் ஒரு தடவதான் வரலாம், குறைஞ்சது ஒரு சைபர் குரூப்பயாவது குறிக்கணும், அதனால எட்டு குரூப்பும் எழுதி முடிச்சுட்டு கடைசில :: போட்டா அது எரர். இதெல்லாம் 2006-ல வந்த ஆர்எஃப்சி 4291 தெளிவா சொல்லிருச்சு, பிரச்சன இல்ல. ஒரே அட்ரஸ பல விதமா எழுதலாம்ங்கறதுதான் தலைவலி, அதுக்கும் 2010-ல ஆர்எஃப்சி 5952 வந்து எப்படி ப்ரிண்ட் பண்ணனும்னு முடிச்சு வெச்சிருச்சு. 2001:0:0:1:0:0:0:1-ல நீளமான சைபர் வரிசையத்தான் சுருக்கணும், அதனால 2001:0:0:1::1. நீளம் சமமா இருந்தா முதல்ல வர்றது. ஒத்த சைபர சுருக்கக்கூடாது. எழுத்தெல்லாம் சின்ன எழுத்து. படிக்கும்போது எல்லா வடிவத்தையும் ஏத்துக்கோ, எழுதும்போது இது ஒண்ணுதான். லாக்ல தேடுறவங்களுக்கு இது பெரிய உபகாரம்.

போர்ட் நம்பர் (மெஷின்ல எந்த சர்வீஸ்னு சொல்ற எண்) ஒட்டுறப்போதான் நெறைய பேர் மாட்டுவாங்க. ::1:80-ன்னு எழுதினா அது ::1 அட்ரஸ்ல 80-வது போர்ட்டா, இல்ல ::1:80-ங்கற முழு அட்ரஸா? ரெண்டாவதுதான் செல்லுபடியாகும், கடைசி குரூப் ஹெக்ஸ் 80. அதனாலதான் சதுர அடைப்பு, [::1]:80. ஆனா ஹோஸ்ட், நடுவுல கோலன், போர்ட்னு ஸ்ட்ரிங் ஃபார்மட் பண்ற கோட் ஊர் முழுக்க இருக்கு, ஐபிவி4 மெஷின்ல வருஷக்கணக்கா ஓடும், ஐபிவி6 வந்த அன்னைக்கு படுத்துடும். கோ 1.25-ல கோட்ல தப்பு தேடுற வெட் டூலே இந்த மாதிரி வரிய கண்டுபிடிச்சு ஜாயின்ஹோஸ்ட்போர்ட் யூஸ் பண்ணுன்னு சொல்ற அளவுக்கு இது பரவி இருக்கு.

கடைசியா மேப்டு அட்ரஸ், அதாவது ஐபிவி6 வடிவத்துல எழுதின ஐபிவி4 அட்ரஸ், என்னை ரொம்ப யோசிக்க வெச்சது இதுதான். லினக்ஸ்ல ஒரு சர்வர் [::]-ல டூயல் ஸ்டாக்கா (ஐபிவி4, ஐபிவி6 ரெண்டுக்கும் சேத்து) கேட்டுட்டு இருந்தா, ஐபிவி4-ல வர்ற க்ளையன்ட் ::எஃப்எஃப்எஃப்எஃப்:192.168.1.20 மாதிரி தெரியும். இத 192.168.1.20-க்கு சமம்னு சொல்றதா, வேறன்னு சொல்றதா? வேறன்னு சொன்னா 192.168.1.0/24-ஐ (192.168.1-ல ஆரம்பிக்கிற எல்லா அட்ரஸையும்) அலவ் பண்ணி வெச்ச ரூல் இந்த க்ளையன்ட்ட வெளிய நிறுத்தும். சமம்னு சொன்னா, ஒயர்ல நிஜமா என்ன வந்துச்சுங்கற தகவல் போயிடும். ஜாவா படிக்கும்போதே ஐபிவி4-ஆ மாத்திடும். கோ-வோட பழைய நெட்.ஐபி ரெண்டையும் 16 பைட்டா ஒரே மாதிரி வெச்சிருந்துச்சு, பார்ஸ் பண்ணதுக்கு அப்புறம் எது எதுன்னு சொல்லவே முடியாது. 2022-ல கோ 1.18-ல நெட்ஐபி-ங்கற புது பேக்கேஜ் வந்து ரெண்டையும் வேறவேற மதிப்பா வெச்சுச்சு, மாத்தணும்னா அன்மேப்னு கூப்பிடு. இதுதான் சரியான டிசைன்னு நான் நம்புறேன், எங்களதும் இதுதான். ஆனா அதுக்கும் ஒரு விலை இருந்துச்சு: லூப்பேக்கா (அதே மெஷினுக்கான அட்ரஸா), ப்ரைவேட்டா (உள் நெட்வொர்க் அட்ரஸா)-ன்னு கேக்கற மெத்தட்கள் மேப்டு 127.0.0.1-க்கு இல்லன்னு பதில் சொல்லிட்டு இருந்துச்சு, 2024 ஜூன்ல 1.22.4-ல அது செக்யூரிட்டி ஃபிக்ஸா போச்சு. டைப்ப பிரிச்சா போதாது, அந்த டைப் மேல கேக்கற ஒவ்வொரு கேள்விக்கும் மேப்டு அட்ரஸ் வந்தா என்ன பதில்னு தனித்தனியா உக்காந்து எழுதணும். சமமா-ங்கற கேள்விக்கு இல்ல, லூப்பேக்கா-ங்கற கேள்விக்கு ஆமா, இந்த ரேஞ்சுக்குள்ள இருக்கா-ங்கற கேள்விக்கு இல்ல, ஆனா டாக்குமென்ட்ல அன்மேப் பண்ணிட்டு கேளுன்னு உதாரணத்தோட.

எரர் மெசேஜுக்கு நான் எக்கச்சக்க நேரம் செலவு பண்ணேன், அது வீண்னு நெனக்கல. பழைய கோ பார்ஸ்ஐபி தப்புன்னா நில் (வெறுமை மதிப்பு) மட்டும் குடுக்கும், ஏன்னு சொல்லாது. புதுசு, ஆக்டெட்ல (புள்ளிகளுக்கு நடுவுல வர்ற எண்) முன் சைபர் இருக்குன்னே சொல்லுது. கறாரா இருக்கற பார்சருக்கு இது கட்டாயம் வேணும், இல்லன்னா கடுப்புல ஆளுங்க சொந்தமா ஒரு லூஸ் பார்சர் எழுதிக்குவாங்க, திரும்ப ரெண்டு பார்சர், திரும்ப இடைவெளி. அதனால எங்களது 192.168.001.010 குடுத்தா எந்த எடத்துல, எந்த பாகத்துல, 1-ன்னு எழுதணும்னா சைபர எடுன்னு வரைக்கும் சொல்லும். 010-க்கு மட்டும் யோசனை சொல்லாது, ஏன்னா அது பத்தா எட்டான்னு எழுதினவருக்குத்தான் தெரியும்.

ஜோன் பத்தி ஃப்ரெண்டுக்கும் எனக்கும் இன்னும் வாக்குவாதம் ஓடிட்டு இருக்கு. எஃப்இ80::1%எத்0-ல அந்த % குறிக்கு அப்புறம் வர்றது அந்த மெஷின்ல இருக்கற இன்டர்ஃபேஸ் பேர், அடுத்த மெஷின்ல அதுக்கு அர்த்தமே கிடையாது. அட்ரஸ் டைப்புக்குள்ளயே வைக்கலாம்னு நான், சாக்கெட் அட்ரஸ் டைப்ல மட்டும் வைக்கலாம்னு அவன். அவன் வாதத்துல பலம் இருக்கு, ஜோன் உள்ள வந்தா அட்ரஸ் டைப்ல ஒரு ஸ்ட்ரிங் ஒட்டிக்கும், சைஸ் பெருசாகும், ரெண்டு அட்ரஸ ஒப்பிடறதும் சிக்கலாகும். ஆனா எஃப்இ80 மாதிரி பக்கத்து நெட்வொர்க்குக்குள்ள மட்டும் செல்லுபடியாகுற லிங்க் லோக்கல் அட்ரஸ ஜோன் இல்லாம பாஸ் பண்ணா கனெக்ட்டே ஆகாது, யாரோ எங்கயோ அத தனி வேரியபிள்ல தூக்கிட்டு சுத்துவாங்க, ஒரு எடத்துல தொலைச்சுடுவாங்க. இப்போதைக்கு முடிவானது ரெண்டே ரெண்டு: /64 மாதிரி ப்ரிஃபிக்ஸ்ல ஜோன் வந்தா எரர், ஜோன் பேர் காலியா இருந்தா எரர்.